நிறைந்த வேனுக்குச் சார்ஜ்

வெள்ளவத்தை, கொழும்பு
11 மார்ச் 2025

மச்சானுக்கு,

போனில் பேசினால் நீங்கள் பாதியில் வெட்டிவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. கிழித்துப் போட்டாலும் துண்டு பொறுக்கிப் படிக்கிற ஆள் நீங்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பேனா எடுத்தேன். தோட்டத்து விலாசத்துக்கு எழுதவில்லை. அங்கே காலையில் எல்லாரையும் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் மூன்று லயத்து வீடுகளும் அதைப் பற்றிப் பேசி முடித்திருக்கும். அப்புத்தளை டவுனில் பர்ஹான் நாநாவின் சாப்பாட்டுக் கடைக்கு அனுப்புகிறேன். அவர் பிரிக்கமாட்டார்.

பொங்கலுக்கு வந்துவிட்டு நான் பையைத் தூக்கியபோது நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. "வந்தா இருக்கணும். இல்லன்னா வராத." வாசலில் அவ்வளவு பேர் நிற்கிறார்கள், அத்தையும் நிற்கிறார், அவர்கள் முன்னால் சொன்னீர்கள். கலியாணமாகி நாலு வருஷத்தில் என்னை அப்படி யாரும் சொன்னதில்லை. லீவு இவ்வளவுதான் என்று உங்களுக்கு முன்னமே தெரியும். சரி, வராதே என்றீர்கள், வரவில்லை. இப்போதும் அதற்காக எழுதவில்லை.

வேனைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்கிற சார்ஜிங் கம்பனியில் உங்கள் கரண்டு வேனுக்கான ஒப்பந்தம் என் பெயரில் இருப்பது நினைவிருக்கும். நாநா கடைக்குப் பக்கத்துச் சார்ஜரில் ஒயரைச் சொருகினால் போதும். கார்டு வேண்டாம், போன் வேண்டாம், தான் யார் என்று வேனே சார்ஜரிடம் சொல்லிக்கொள்ளும். சொருகியதும் என் போனில் ஒரு வரி விழும். எந்த இடம், எத்தனை மணி, எவ்வளவு ஏறியது என்று. பொங்கலுக்குப் பிறகு நாம் பேசவில்லை, ஆனால் அந்த வரி வந்துகொண்டே இருந்தது. காலையில் வந்தால் எல்ல ஊர்ப் பக்கம் ஹயர் போகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். மத்தியானம் வந்தால், சொருகிவிட்டு நாநா கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். கோபம் ஒரு பக்கம் அப்படியே இருந்தது. ஆனாலும் அந்த வரி வராத நாளில் எனக்குச் சோறு இறங்காது.

பெப்ரவரி கடைசியிலிருந்து ஒரு வரியும் இல்லை. வேனை விற்றுவிட்டீர்களா? உடம்புக்கு ஏதுமா? இரண்டும் இல்லையென்றால், என் பெயரில் வருகிற கரண்டுகூட உங்களுக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டதா? எதுவானாலும் நேராக எழுதுங்கள்.

தனுஜா


அப்புத்தளை
20 மார்ச் 2025

தனுஜாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பர்ஹான் நாநா பிரிக்கவில்லை. ஆனால் நான் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே இடத்தைத்தான் துடைத்தார்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வேனும் இருக்கிறது. ஒப்பந்தத்தை முடித்தது நீ. முடித்துவிட்டு, ஏன் சார்ஜ் போடவில்லை என்று என்னையே கேட்டு எழுதியிருக்கிறாய். கொழும்புக்குப் போனால் இப்படியெல்லாம் பேச வரும் போலிருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். வேனில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. எல்லவுக்குப் போக வேண்டும், வேனில் சார்ஜ் இல்லை. வழக்கம்போல் ஒயரைச் சொருகினேன். சார்ஜரில் சிவப்பு லைட் எரிந்தது. "உங்கள் ஒப்பந்தம் முடிவுறுத்தப்பட்டுள்ளது" என்று மூன்று மொழியிலும் வந்தது. கழற்றிவிட்டு மறுபடி சொருகினேன். மறுபடியும் அதையேதான் சொன்னது. நாநா கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா, தங்கச்சி லைன வெட்டிருச்சா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் தன் கார்டைத் தட்டித்தான் அன்றைக்கு வேன் நகர்ந்தது. இன்று வரை அந்தக் கார்டில்தான் ஓடுகிறது.

லயத்து மீட்டரில் வேனுக்குச் சார்ஜ் போட முடியாது. போட்டால் வரிசையில் எல்லாக் காம்பரா வீடுகளிலும் கரண்டு போய்விடும். அந்த ஒரு சார்ஜரை நம்பித்தான் என் தொழில் இருக்கிறது. இதெல்லாம் உனக்குத் தெரியாததா? பொங்கலில் நான் சொன்னது கோபத்தில் வாயில் வந்தது. நீ செய்தது உட்கார்ந்து, யோசித்து, பட்டனை அழுத்திச் செய்தது. இரண்டும் ஒன்றாகுமா?

அம்மா உன்னைக் கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன்.

புவனேந்திரன்


வெள்ளவத்தை
26 மார்ச் 2025

மச்சானுக்கு,

நான் முடிக்கவில்லை. அத்தைமேல் சத்தியமாக நான் முடிக்கவில்லை.

உங்கள் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே ஆபீசுக்குப் போனேன். முதலில் ஒரே ஆத்திரம். நாலு வருஷம் கூட வாழ்ந்தவருக்கு என்னைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதானா என்று. பிறகு பயம் வந்துவிட்டது. ஏனென்றால் ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிறது. வேன்தான் அந்தப் பக்கம் வரவே இல்லை.

ஆனால் உங்கள் வரி நின்றுபோன அதே பெப்ரவரி கடைசியில் அப்புத்தளைச் சார்ஜருக்கு வேறொரு வண்டி வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. நீர்கொழும்புப் பக்கத்துக் கார் ஒன்று. அது அக்சிடன்டில் நொறுங்கிப் போய், சொந்தக்காரர் போன வருஷமே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். நொறுங்கிய கார் மலையேறி வந்து நாநா கடை வாசலில் எப்படிச் சொருகும்? என்னோடு வேலை செய்கிற கலாராணி அதைப் பார்த்துவிட்டு, "உன் வீட்டுக்காரரு வண்டியில எதையோ மாத்தியிருக்காரு, கேட்டுப் பாரு" என்றாள்.

மாற்றினீர்களா? மழுப்பாமல் எழுதுங்கள்.

தனுஜா


அப்புத்தளை
3 ஏப்ரல் 2025

தனுஜாவுக்கு,

மாற்றினேன்.

பெப்ரவரியில் விடாமல் மழை. சார்ஜ் சொருகுகிற இடத்தில் மூடி சரியாக மூடவில்லை, உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. சார்ஜரோடு பேசுகிற சின்னப் பெட்டி ஒன்று உள்ளே இருக்கிறதாமே, அது செத்துப்போனது. பதுளைக்கு இழுத்துக்கொண்டு போய் லிங்கம் அண்ணன் கராஜில் விட்டேன். புதுசுக்கு வெளிநாட்டுக்கு எழுதிப்போட வேண்டும், மாசக்கணக்கில் ஆகும் என்றார். "அடிபட்ட வண்டியிலேருந்து கழட்டுனது ஒண்ணு கெடக்கு தம்பி, அச்சு அசல் இதேதான்" என்றார். போட்டுக்கொண்டு வந்தேன். இந்த ஊரில் ஓடுகிற எந்த வண்டியில் இன்னொரு வண்டியின் சாமான் இல்லை? கதவு மாற்றுகிறோம், கியர்பொக்ஸ் மாற்றுகிறோம், எந்தக் கதவும் தன் பழைய முதலாளி பெயரைச் சொன்னதில்லை. பெட்டி சொல்லும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆகவே, யாரோ நீர்கொழும்புக்காரர் முடித்துக்கொண்ட ஒப்பந்தத்துக்கு நான் உன்மேல் கோபித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். நாநாவிடம் சொன்னேன். ஒரு பராட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் முதல் கடிதத்தை மறுபடி படித்தேன். நான் ஒயரைச் சொருகும்போதெல்லாம் நீ அங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியாது, தனு. நீ சொன்னதே இல்லை. மழையில் நனைந்துகொண்டு, யாரையாவது திட்டிக்கொண்டு சொருகியிருக்கிறேன். அந்த நேரத்தில் நீ அங்கே ஒரு வரியைப் பார்த்து நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாய். மத்தியானம் வரி வந்தால் நான் சாப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாயாமே. பாதி நாள் வெறும் பிளேன்டீதான். நீ பசியில்லாமல் இருந்தாயே, அது போதும்.

பெட்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

புவன்


வெள்ளவத்தை
9 ஏப்ரல் 2025

மச்சானுக்கு,

வெறும் பிளேன்டீயா? இதை அத்தையிடம் சொல்கிறேன், இருங்கள்.

பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அது செய்யப்படும்போதே அதற்குள் ஒரு ரகசியச் சாவியை வைத்துவிடுவார்கள். அது எந்தக் காலத்திலும் வெளியே வராது. ஒப்பந்தம் போட்டதும் எங்கள் கம்பனி வேனுக்கென்று ஒரு சான்றிதழும் அதற்கொரு சாவியும் செய்யும். அந்தச் சாவியை அப்படியே அனுப்பமாட்டோம். உங்கள் பெட்டிக்குள் இருக்கிற சாவியால் மட்டும் திறக்கும்படி பூட்டி அனுப்புவோம். அது சார்ஜர் வழியாக வேனுக்குப் போகும். சார்ஜர் அதை வாங்கிக் கொடுக்கும், திறந்து பார்க்க அதனால் முடியாது. நாநா என் கடிதத்தை உங்களிடம் கொடுக்கிற மாதிரிதான். சார்ஜர் மேசை துடைக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய பெட்டிக்குப் பூட்டி அனுப்பியதைப் புதுப் பெட்டியால் திறக்க முடியாது. பழையது செத்ததோடு அந்தச் சாவியும் போய்விட்டது. என்னாலும் முடியாது, எங்கள் பெரிய முதலாளியாலும் முடியாது. இப்போது வேனில் இருக்கிற பெட்டிக்கென்று புதிதாகச் செய்து அனுப்ப வேண்டும். பெட்டியின்மேல் ஒரு நீளமான நம்பர் ஒட்டியிருக்கும். லிங்கம் அண்ணனிடம் திறக்கச் சொல்லி அதை எழுதி அனுப்புங்கள். அடிபட்ட காரின் சொந்தக்காரரிடம் கம்பனி பேசிக்கொள்ளும்.

எப்படியும் புதிதாகப் போடுகிறோம். ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கே மாற்றிவிடலாமா? வேன் உங்களுடையது. அப்படி மாற்றினால் இனி என்னை எதிர்பார்க்க வேண்டியதில்லை. என் போனிலும் வரி வராது. நீங்களே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். கம்பனி என்னைச் சிங்கப்பூர்க் கிளைக்கு ஒரு வருஷம் கேட்கிறது. மே முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் போக ஆசை. உங்களிடம் இல்லையென்று பொய் சொல்ல வரவில்லை. தேயிலை மலையில் பிறந்தவளை அவர்களாகவே கூப்பிடுகிறார்கள். ஆனால் போவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டுப் போக வேண்டும் என்றும் இருக்கிறது. வந்தால் மூன்றே நாள், பிறகு கிளம்பிவிடுவேன். நீங்களோ வந்தால் இருக்க வேண்டும், இல்லையென்றால் வராதே என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். இருக்க முடியாதவள் வரலாமா, கூடாதா? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

தனுஜா


அப்புத்தளை
19 ஏப்ரல் 2025

தனுஜாவுக்கு,

புதுவருஷத்துக்குப் பதுளையில் எல்லாம் மூடிக் கிடந்தது. நேற்றுத்தான் லிங்கம் அண்ணன் திறந்தார். நம்பரைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நாநாவை வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை சரிபார்த்தேன்.

ஒப்பந்தம் உன் பெயரிலேயே இருக்கட்டும். மாற்றாதே.

சிங்கப்பூர் என்று படித்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு ஹயர் போய்விட்டேன். பண்டாரவளைக்கு ஏற்றின ஆளைத் தியத்தலாவையில் இறக்கிவிடப் பார்த்தேன். அவர் தோளைத் தட்டி, "இது இல்லீங்க" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "போகட்டும்டா, அவ போகட்டும். நம்ம ஆளுங்க யாரு அங்கெல்லாம் ஆபீசு வேலைக்குப் போயிருக்கா" என்றாள். அப்புறம் உள்ளே போய் அழுதாள். எனக்கும் அந்த இரண்டும்தான் இருக்கிறது. போ என்று சொல்ல வாய் வருகிறது. வந்துவிட்டுப் போ என்று சொல்லத்தான் வரவில்லை. வந்தால், நீ பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் இறங்குகிறதை இன்னொரு தடவை நான் பார்க்க வேண்டி வரும், தனு. பொங்கலுக்கு அதைத் தாங்க முடியாமல்தான் அப்படிக் கத்தினேன். பலர் முன்னால் கத்தினது பிழை.

நீ கேட்டதற்குப் பதில் எழுத இன்னும் எனக்கு மனசு துணியவில்லை. கொஞ்சம் பொறு.

புவன்


வெள்ளவத்தை
30 ஏப்ரல் 2025

மச்சானுக்கு,

உங்கள் வேனுக்கான சாவி இன்று தயாராகிவிட்டது. என் சொந்த ஒப்பந்தம் என்பதால் நான் கை வைக்கக்கூடாது. கலாராணியும் இன்னொருவரும் சேர்ந்துதான் செய்தார்கள். சாவி செய்கிற அறைக்குள் போன் கொண்டுபோக முடியாது, தனியாகவும் யாரும் போக முடியாது. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். கலாராணி வேலையை முடித்துவிட்டு வெளியே வந்து, "போயிருச்சு. இனி அவரு சொருகினா சரி" என்றாள். தினமும் எத்தனையோ வண்டிக்கு அனுப்புகிறோம். ஒன்றுக்கும் நான் இப்படி நின்று பார்த்ததில்லை.

அது இப்போது அப்புத்தளைக்குப் போகக் காத்திருக்கிறது. உங்கள் வேனைத் தவிர உலகத்தில் எதுவும் அதைத் திறக்காது. ஒயரைச் சொருகி, பச்சை லைட் வரும்வரை பொறுமையாக நில்லுங்கள். உங்களுக்கு அது கொஞ்சம் கஷ்டம் என்று தெரியும்.

பொறு என்றீர்கள், பொறுக்கிறேன். ஆனால் மே மாதம் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் வராதே என்றால் நான் இங்கிருந்தே கட்டுநாயக்காவுக்குப் போய் பிளேன் ஏறிவிடுவேன். கோபமில்லை. அத்தையைப் பார்க்காமல் போவதுதான் கஷ்டமாக இருக்கும். உங்களைப் பார்க்காமல் போவதைப் பற்றி எழுதினால் அழுகை வரும், எழுதவில்லை.

தனுஜா


அப்புத்தளை
9 மே 2025

தனுஜாவுக்கு,

திறந்துவிட்டது.

நாநா கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். மூடுபனி, எதிரில் இருக்கிற ஸ்டேசனே தெரியவில்லை. சொருகினேன். மஞ்சள் லைட் எரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. நான் கழற்றப் போனேன். நாநா கையைப் பிடித்து, "தங்கச்சி என்ன எழுதிச்சு? பொறுமையா நில்லு" என்றார். மேசை துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் படித்திருக்கிறார். பச்சை வந்தது. "ஒப்பந்தம் ஏற்கப்பட்டது" என்று வந்தது. நாநா என்னைக் கட்டிக்கொண்டார். தெருவில் போனவர்கள் எனக்குப் பிள்ளை பிறந்ததென்று நினைத்திருப்பார்கள்.

உன் போனில் வரி வந்திருக்கும். அன்றைக்கு நான் சாப்பிட்டேன், உண்மையாகவே சாப்பிட்டேன்.

மற்றதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், கிழித்தேன், திரும்பவும் எழுதினேன். போ என்று எழுதினால் உன்னைத் துரத்துகிற மாதிரி இருக்கிறது. வா என்று எழுதினால் திரும்பவும் இரு என்று பிடித்துவைக்கிற மாதிரி இருக்கிறது. நீ இல்லாமல் இருக்க எனக்கு இன்னும் பழகவில்லை, அது மட்டும் நிச்சயம். என் பதில் கடிதத்தில் வராது, வேறு மாதிரி வரும். நீ புரிந்துகொள்வாய். இல்லையென்றால் கலாராணியைக் கேள்.

நீ போகிற இடத்துக்கும் அந்த வரி வருமா?

புவன்


வெள்ளவத்தை
18 மே 2025

மச்சானுக்கு,

வரும். எந்த நாட்டில் இருந்தாலும் வரும்.

உங்கள் கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே போனில் ஒரு வரி வித்தியாசமாக வந்தது. மாலை நேரம், அப்புத்தளை, ஏறியது பூச்சியம். அடுத்த நாள் மாலையும் பூச்சியம். அதற்கடுத்த நாளும் அதேதான். சாவியில்தான் கோளாறு, மறுபடி எல்லாம் கெட்டுப்போனது என்று பதறிவிட்டேன். கலாராணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "கோளாறு ஒண்ணுமில்ல தனுஜா. வண்டி ஏற்கனவே ஃபுல்லா இருக்கு. அவரு சும்மா சொருகிட்டு நிக்கிறாரு" என்றாள்.

முகம் கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் அங்கே நின்று அழுதேன்.

உங்கள் பதில் கிடைத்தது, மச்சான். போவதற்காக வந்தாலும் வா என்பதுதானே அது? பிழையாகப் புரிந்துகொண்டேன் என்றால் இந்தக் கடிதம் கிடைக்கிற அன்று மாலை சொருகாமல் விட்டுவிடுங்கள். விடமாட்டீர்கள்.

சிங்கப்பூருக்குச் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜூனில் பயணம். ஒரு வருஷம்தான். இந்த வெள்ளிக்கிழமை காலை ரயிலில் ஏறுகிறேன், மாலையில் அப்புத்தளையில் இறங்குவேன். மூன்று நாள் இருப்பேன். திங்கட்கிழமை நான் பையைத் தூக்கும்போது நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், அதை வாங்கிக்கொண்டு படியில் கூட இறங்கி வாருங்கள். ஸ்டேசன் வரை வேனில் கொண்டுபோய் விடுங்கள். நான் ரயிலில் ஏறிய பிறகு ஒரு தடவை சொருகுங்கள், அடுத்த ஸ்டேசன் தாண்டும்போது போனில் பார்த்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டேசனுக்கு வர வேண்டாம். பனியில் நானே நடந்து வருவேன், எதிர்ப்பக்கம்தானே. சார்ஜர் பக்கத்திலேயே நில்லுங்கள். நான் வந்து சேரும்வரை ஒயரைக் கழற்றாதீர்கள்.

தனு